ஒரே வீட்டில் நாலு ஏடு

2022 ஏப்ரலில் ஒருநாள் எங்கள் பெட்டி கத்தத் தொடங்கியது. பீப், பீப் என்று நிற்காமல். வாசிகசாலையின் பின்னறையில், புத்தக அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டி அது. முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணித வகுப்பு. ரீச்சர் எட்டிப் பார்த்து, "தம்பிமார், அந்தச் சத்தத்தை ஒருக்கா நிப்பாட்டுங்கோ, படிப்பிக்க ஏலாமக் கிடக்கு" என்றார். எங்களில் ஒருவர் லப்டொப்பில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அமத்திவிட்டு வந்தார். சத்தம் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. பெட்டி என்ன சொல்ல வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெட்டிக்குள் இருந்த ஐந்து வருட உழைப்பு திறக்க முடியாமல் போனது. அதில் பெரும்பகுதியை மீட்டுவிட்டோம். ஆனால் எல்லாவற்றையும் இல்லை. என்ன நடந்தது, எப்படி மீட்டோம், அதிலிருந்து என்ன விளங்கிக்கொண்டோம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எங்களைப் போல ஊர் ஊராக ஆவணம் சேர்க்கிற குழுக்கள் இப்போது நிறைய இருக்கின்றன. பலருடைய அலுமாரிக்கு மேலேயும் இப்படி ஒரு பெட்டி இருக்கும்.

பெட்டிக்குள் என்ன இருந்தது

வீடு வீடாகப் போய் ஸ்கான் செய்த பழைய அல்பங்கள். 1995 இடப்பெயர்வில் சாரத்தில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், திரும்பவும் கொண்டுவந்த படங்கள் அதில் உண்டு. முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள், கலியாண அழைப்பிதழ்கள், பள்ளிக்கூட மலர்கள். முதியவர்களுடன் கதைத்த ஒலிப்பதிவுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு அண்ணாவியார் 2018இல் இரண்டு பின்னேரங்கள் எங்களுக்காக இருந்து பாடித் தந்த கூத்துப் பாட்டுகள், பதினொரு கோப்புகள். அவர் 2021இல் காலமாகிவிட்டார்.

இவற்றையெல்லாம் நாஸ் என்று சொல்லப்படுகிற, வலையமைப்பில் கொழுவி வைக்கும் சேமிப்புப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தோம். நாலு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டெராபைட். நாலையும் ரெய்ட் 5 என்ற முறையில் சேர்த்து 12 டெராபைட் இடம். மிச்ச ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்கு. "ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு போகாது" என்று கடையில் சொன்னார்கள். அது உண்மைதான். அந்த வசனத்தில் நாங்கள் கேட்டது "தரவு போகாது" என்ற பாதியை மட்டும். "ஒரு டிஸ்க்" என்ற பாதி காதில் விழவில்லை.

ரெய்ட் என்றால் என்ன என்று ஒரு சின்னக் கணக்கில் சொல்லலாம். மூன்று பேரிடம் ஆளுக்கொரு இலக்கம்: 5, 3, 7. நாலாமவருக்கு மூன்றின் கூட்டுத்தொகையை மட்டும் சொல்லி வைக்கிறோம்: 15. மூவரில் ஒருவர் காணாமல் போனாலும், மிச்சப் பேரைக் கேட்டு அவருடைய இலக்கத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பேர் போனால் ஏலாது. ரெய்ட் 5 செய்வது கூட்டல் இல்லை, எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கு. அந்தக் கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் இருக்காது, நாலிலும் மாறி மாறி எழுதப்பட்டிருக்கும். ஆனால் யோசனை இதுதான்.

இந்த யோசனைக்கு ரெய்ட் என்று பெயர் வைத்தது கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர், 1988 கட்டுரை ஒன்றில். விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துப் பாவிக்கலாம், ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது என்பதே அவர்கள் சொன்னது. கவனியுங்கள்: *வேலை நிற்காது*. பேக்கப் என்று அவர்கள் சொல்லவில்லை. நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் ரெய்ட் அதை நாலு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துத் தரும். வெள்ளம் வந்தாலோ, பெட்டியைக் கள்ளன் தூக்கினாலோ நாலும் ஒன்றாகவே போகும்.

எப்படி விழுந்தது

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் பெட்டி விழுந்து எழும்பும். எங்களிடம் இருந்த யூபிஎஸ்ஸின் பற்றரி எப்போதோ செத்திருந்தது. இரண்டாவது டிஸ்க் அந்தக் காலத்தில்தான் போனது. பெட்டி கத்தியது அதற்காக. மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது, ஆனால் அது போனது, பெட்டியை முதலில் பூட்டித் தந்துவிட்டு வெளிநாடு போன நண்பரின் பழைய முகவரிக்கு.

ஜூனில்தான் முன்பக்கத்துச் செம்மஞ்சள் வெளிச்சத்தைக் கவனித்தோம். ஆனால் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போயிருந்த காலம். புது டிஸ்க்கின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம். "வேலை செய்யுதுதானே, பிறகு பாப்பம்." உண்மையில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மூன்று டிஸ்க்கில், ஒரு பாதுகாப்பும் இல்லாமல்.

ஒக்டோபரில் காசு சேர்த்து ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டோம். பெட்டி அதை நிரப்பத் தொடங்கியது. இதில்தான் எங்களுக்குத் தெரியாத ஆபத்து இருந்தது. காணாமல் போன டிஸ்க்கைத் திரும்ப எழுத, மிச்ச மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு இடம் விடாமல் வாசிக்க வேண்டும். பல மணித்தியாலம் ஓய்வில்லாத வேலை. அந்த மூன்றும் செத்ததோடு ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே வயது, ஒரே வெக்கை, ஒரே மின்வெட்டு. வருடக்கணக்காக ஒருவரும் திறக்காத கோப்புகள் இருந்த இடங்களில் மூன்றாவது டிஸ்க் பழுதாகியிருந்தது. யாரும் வாசிக்காததால் யாருக்கும் தெரியவில்லை. பாதியில் வாசிக்க முடியாமல் போக, பெட்டி அதையும் வெளியே தள்ளிவிட்டது. இரண்டு பேர் போனால் கணக்கு ஏலாது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய பிழை. பயத்தில் டிஸ்க்குகளைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினோம். ஒரு கட்டத்தில் பெட்டி அரைகுறையாக எழும்பி, "கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தவா?" என்று கேட்டது. திருத்து என்றோம். திருத்துவது என்றால் எழுதுவது. பிழையாக வாசித்ததை வைத்துக்கொண்டு அது எழுதியதில், நல்லாக இருந்த கோப்புறைகள் சிலவும் குழம்பின. டிஸ்க் செத்து இழந்ததைவிட நாங்கள் அவசரப்பட்டு இழந்தது கூட என்று நினைக்கிறோம்.

எப்படி எடுத்தோம்

கடைசியில், வெளிநாட்டில் இந்த வேலையே செய்கிற ஒரு நண்பரை வட்ஸ்அப்பில் பிடித்தோம். அவர் சொன்ன முதல் வார்த்தை: "பெட்டியை ஓஃப் பண்ணுங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ. பிறகு கதைப்பம்." இனி வருபவை அவரிடம் நாங்கள் படித்தவை. யாருக்காவது உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில், எந்த டிஸ்க் எந்த இடத்தில் இருந்தது என்று மார்க்கர் பேனையால் டிஸ்க்கிலேயே எழுதுங்கள். எது முதலில் செத்தது, எது பிறகு செத்தது என்பதையும் எழுதுங்கள். முதலில் செத்த டிஸ்க்கில் இருப்பது அது செத்த நாள்வரைக்குமான பழைய கணக்கு. அதை இன்றைய கணக்கோடு சேர்த்தால் எல்லாம் குழம்பும்.

இரண்டாவது, மூல டிஸ்க்கில் எந்த மீட்பு வேலையும் செய்யக்கூடாது. ஒவ்வொன்றையும் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுத்து, பிரதியில்தான் வேலை செய்ய வேண்டும். இதற்கு டிடி-ரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பழுதான இடத்தில் அது மல்லுக்கட்டி நிற்காது. சுகமாக வருவதை முதலில் எடுத்துவிட்டு, கஷ்டமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்தும் வைக்கும். கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த நாட்களில் இது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது டிஸ்க்குக்கு மட்டும் நாலு நாள் எடுத்தது. பிரதி எடுக்கத் தேவையான டிஸ்க்குகளைத் தெரிந்தவர்களிடமெல்லாம் இரவல் வாங்கினோம்.

மூன்றாவது, பெட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இப்படியான சின்னப் பெட்டிகளில் அநேகமானவை உள்ளே லினக்ஸில்தான் ஓடுகின்றன. அதனால் சாதாரண லினக்ஸ் கணினி ஒன்றில் பிரதிகளைக் கொழுவி, எம்டி-அட்மின் என்ற கருவியால் சேர்த்துப் பார்க்கலாம். நல்ல இரண்டு டிஸ்க்கின் பிரதியும், மூன்றாவதின் பிரதியும். எழுத விடாமல், வாசிக்க மட்டும். சேர்ந்தது. கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தபோது எங்களில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள் என்பதையும் எழுதிவைக்கிறோம்.

நாலாவது, டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் மேலே சொன்ன ஒன்றையும் செய்யாதீர்கள். அது உள்ளே உடல்ரீதியான பழுது. ஓடவிட ஓடவிடத் தட்டைச் சுரண்டும். தூசியில்லாத அறை வைத்திருக்கும் நிபுணர்களிடம்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரிவரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பெயர் இல்லாத படங்கள்

பெரும்பாலான கோப்புகள் பெயரோடு வந்தன. நாங்கள் "திருத்து" என்று சொல்லிக் குழப்பிய பகுதியில் இருந்தவை வரவில்லை. அவற்றுக்கு ஃபோட்டோரெக் என்ற இன்னொரு இலவசக் கருவி. அது கோப்புறையைப் பார்க்காது. டிஸ்க் முழுவதையும் துழாவி, ஒரு படம் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துப் படங்களைப் பொறுக்கும். படம் வரும், பெயர் வராது. கிட்டத்தட்ட மூவாயிரம் படங்கள் வெறும் இலக்கங்களோடு வந்து நின்றன.

பெயர் போன பிறகுதான் பெயரின் பெறுமதி விளங்கியது. ஒரு சங்கானை வீட்டு அல்பமும் ஒரு முல்லைத்தீவு வீட்டு அல்பமும் கலந்து கிடந்தால், இது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று யாருக்குத் தெரியும்? லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் வீடு வீடாகப் போனோம். "இது எங்கட மச்சாள், இது கொடியேத்தத்தண்டு எடுத்தது" என்று அம்மாமார் சொல்லச் சொல்ல எழுதினோம். சில வீடுகளில் சொல்லக்கூடியவர் இப்போது இல்லை. கிட்டத்தட்ட நானூறு படங்கள் இன்னும் பெயரில்லாமல் இருக்கின்றன. மீட்பு மென்பொருள் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அந்த இடத்தில் வேலை செய்வது மனுசரின் ஞாபகம்தான்.

அண்ணாவியாரின் பதினொரு கோப்புகளில் எட்டு முழுதாக வந்தன. ஒன்று பாதியில் அறுந்தது. இரண்டு வரவேயில்லை.

இங்கேதான் எங்களுக்கு மிகவும் வெட்கமான பகுதி. 2021இல் அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு முதல், அவரது மகள் எங்களிடம் கேட்டிருந்தார்: "அப்பாட பாட்டை ஒரு பென் டிரைவில போட்டுத் தாறியளோ?" நாங்கள் சொன்ன பதில்: "எடிட் பண்ணி, வடிவா ஒழுங்குபடுத்திப்போட்டுத் தாறம் அக்கா." பிறகு மறந்துபோனோம். அன்றைக்கு இருந்தபடியே கொடுத்திருந்தால், பதினொன்றும் அவருடைய வீட்டில் இருந்திருக்கும்.

அவரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். அவர் ஏசவில்லை. "அப்பா உங்களை நம்பித்தானே பாடினவர்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது பக்கத்தில் இருந்த ஒரு தம்பி, கூத்தில் ஆடுகிறவன், தயங்கித் தயங்கிச் சொன்னான். 2019இல் எங்கள் அறைக்கு வந்தபோது, எங்களிடம் கேளாமல் இரண்டு மூன்று பாட்டை போனுக்கு ஏற்றிக்கொண்டு போனானாம். அது எங்களுக்கும் தெரியும், ஏனென்றால் அப்போது அவனைப் பேசியிருக்கிறோம். "ஆவணத்தை இப்படி ஒழுங்கில்லாமக் கொப்பி எடுக்கக் கூடாது" என்று விளக்கம் வேறு கொடுத்தோம். வராமல் போன இரண்டில் ஒன்று அவனுடைய போனில் இருந்தது. மற்றது எங்கேயும் இல்லை.

எங்கள் கருத்து

இதைப் படிக்கிற பலர் "மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில்" என்ற 3-2-1 விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல விதி. நாங்களும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் எங்களுக்கு அது ஏன் முதலே தோன்றவில்லை என்று யோசித்தபோது, பிரச்சினை தொழில்நுட்ப அறிவில் இல்லை என்று பட்டது. ஆவணம் என்பது *எங்களிடம்* இருக்க வேண்டிய ஒன்று என்று நினைத்துவிட்டோம். சேர்த்தது நாங்கள், வைத்திருப்பது நாங்கள், எப்போது யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதும் நாங்கள். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது.

எங்கள் ஏடுகள் எப்படித் தப்பின என்று பாருங்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒன்றில் சிதைந்த இடத்தை இன்னொன்றில் பார்த்துத்தான் அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் பாடத்தை மீட்டார்கள். எங்கள் டிஸ்க் கணக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த ஏடுகள் ஒரே வீட்டுப் பரணில் நாலாக இருந்ததால் தப்பவில்லை. வேறு வேறு ஊரில், வேறு வேறு ஆட்களின் கையில் இருந்ததால் தப்பின. யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்த ஏட்டைக் கறையான் தின்றது. ரெய்ட் என்பது ஒரே வீட்டில் நாலு ஏடு.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது கிட்டத்தட்ட 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போயின. அந்த இழப்பை நாங்கள் ஒவ்வொரு வருடமும் நினைவுகூர்கிறோம். கூரத்தான் வேண்டும். ஆனால் ஒருவன் நெருப்பு வைத்து இழப்பதை மட்டுமே இழப்பாகக் கணக்கெடுத்துப் பழகிவிட்டோம். ஒரு பீப் சத்தத்தை நிறுத்திவிட்டு இழப்பதற்கு ஒரு நினைவுநாளும் கிடையாது, குற்றவாளியும் கிடையாது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளின் பெறுமதி இங்கேதான். ஸ்கான் செய்ததை அலுமாரிக்குள் வைக்காமல், யாரும் இறக்கி எடுக்கக்கூடியதாக வெளியே விட்டார்கள். அதை இறக்கிய ஒவ்வொருவரின் கணினியும் ஒரு பிரதி.

இது சின்னக் குழுக்களின் பிரச்சினை மட்டும் இல்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை கப்பம் கேட்கும் நச்சு மென்பொருளால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. சுமார் 5,000 முகவரிகளின் அந்தக் காலத்துக் கடிதங்கள் போயின. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். பெரிய இடத்திலும் இதே கதைதான்: பெட்டி இருக்கும், பெட்டியைப் பார்க்க ஆள் இருக்காது.

"எல்லாவற்றையும் கொடுத்துவிட ஏலுமோ?" என்று ஒரு நியாயமான கேள்வி வரும். ஏலாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் எங்களை நம்பிச் சொன்னவை, சொன்னவருக்கே ஆபத்தாக முடியக்கூடியவை எங்களிடம் உண்டு. அவற்றைப் பரப்புவது நம்பிக்கைத் துரோகம். அவற்றை மறைகுறியாக்கி இரண்டு ஊரில் இரண்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறோம். திறப்புச் சொல் மூன்று பேருக்குத் தெரியும். ஆனால் இந்தக் காரணத்தைச் சாட்டாக வைத்துக்கொண்டு, அண்ணாவியாரின் பாட்டை அவருடைய மகளுக்கே கொடுக்காமல் விட்டவர்கள் நாங்கள். கூத்துப் பாட்டில் என்ன இரகசியம்?

"கிளவுட்டில போடலாமே" என்பது அடுத்த கேள்வி. போடலாம், ஒரு பிரதிக்கு நல்லது. ஆனால் மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். கட்டுகிறவர் குழுவை விட்டுப் போனால் என்ன நடக்கும் என்று முதலே கதைத்து வையுங்கள். தானாக ஒத்திசைக்கும் சேவை என்றால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது எங்களிடம் மூன்று பழக்கம். ஒரு வீட்டில் எதைப் பதிவு செய்தாலும், திருத்தாமல் அன்றைக்கே ஒரு பென் டிரைவில் அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் எழும்புகிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை பேக்கப்பிலிருந்து ஏதாவது பத்துக் கோப்பைத் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப் இல்லை. பெட்டியின் மின்னஞ்சல் இப்போது ஐந்து பேருக்கு வருகிறது.

அண்ணாவியாரின் மகளிடம் பத்துப் பாட்டை, அறுந்த பாதியோடு சேர்த்துக் கொடுத்தோம். அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். கணித ரீச்சருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்: அடுத்த முறை பெட்டி கத்தினால், வகுப்பைத்தான் ஒருக்கா நிப்பாட்ட வேண்டி வரும்.